எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாம்புக்கடி முதலுதவியைச் சொல்வது எப்படி?

கேள்வி: எங்கள் ஊரில் வயல் வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாம்புக்கடி முதலுதவி பற்றிச் சுவரொட்டி ஒட்டியும், கடிபட்டவரின் காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியே கொண்டுவருகிறார்கள். மகளிர் குழுவினரான நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: எழுத்துக்குப் பதிலாகப் படம் போட்டால் போதும் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் படத்தைப் புரிந்துகொள்வதற்கும் பழக்கம் வேண்டும். கயிறு கட்டிய காலின்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்ட படத்தை ஒரு பாட்டியிடம் காட்டியபோது, "கயித்தக் குறுக்கும் நெடுக்குமாக் கட்டணும்" என்றார். பிழை அவருடையதன்று, படத்தினுடையது. ஆகவே செய்ய வேண்டியதை மட்டும் படத்தில் காட்டுங்கள். கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே என்பவற்றை வாயால் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியவை சிலவே. கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைக்க வேண்டும். வீங்கினால் இறுகிவிடும் என்பதால் கொலுசு, மெட்டி, மோதிரம், வளையல் ஆகியவற்றை உடனே கழற்ற வேண்டும். 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துவரும் வேலை வேண்டாம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவது உயிருக்கே ஆபத்து என்பதை மட்டும் இரண்டு முறை அழுத்திச் சொல்லுங்கள்.

எண் தெரியாதவருக்கும் 108-ஐப் பழக்கிவிடலாம். பொத்தான் வைத்த கைப்பேசியில் மேல்வரிசை இடது ஓரத்தில் ஒன்று, கீழ்வரிசை நடுவில் சுழி, அதற்கு நேர்மேலே எட்டு. அவரவர் கைப்பேசியிலேயே, அழைப்புப் பொத்தானை அமுக்காமல், விரல் தானாகப் போகும்வரை தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரோடு கோயில், தண்ணீர்த் தொட்டி போன்ற அடையாளத்தைச் சொல்லவும் பழக்குங்கள்.

நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலோ குழுக் கூட்டத்திலோ பத்து நிமிடம் இதற்குப் போதும். முடிவில் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள்; மரியாதைக்காக எல்லோரும் தலையாட்டுவார்கள். "உங்கள் பேரனைப் பாம்பு கடித்துவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்? செய்து காட்டுங்கள், அம்மா" என்று கேளுங்கள். அவர் கை கயிற்றைத் தேடினால், நீங்கள் சொன்ன விதத்தை மாற்றி மறுபடியும் சொல்லுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் எதையும் நினைவூட்டாமல் அதே கேள்வியைக் கேட்டு, மறந்துபோனதை மட்டும் மீண்டும் சொல்லிக்கொடுங்கள்.