டெஸ்டோஸ்டிரோன் நார்மல் என்றால் பி.சி.ஓ.எஸ். இல்லையா?

கேள்வி: எனக்கு 26 வயது. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ் வருகிறது. தாடையில் முடி வளர்கிறது. வாரம் இருமுறை பிடுங்குகிறேன். லேபில் ‘பி.சி.ஓ.டி. பேக்கேஜ்’ எடுத்தேன். சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களான எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். ஏறக்குறைய சமம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் நார்மல். “அப்புறம் என்ன, உனக்கு ஒன்றுமில்லை” என்கிறார் அம்மா. நம்பலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அம்மாவின் நிம்மதியைக் கெடுக்க மனமில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது.

பி.சி.ஓ.எஸ். (பி.சி.ஓ.டி. என்பதும் இதைத்தான்) சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு. அதற்கு அடையாளங்கள் மூன்று: முறையற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் நிறைய நுண்பைகளோடு தெரியும் சினைப்பை. இந்த மூன்றில் இரண்டு இருந்து, வேறு நோய்களும் இல்லையென்றால் அது பி.சி.ஓ.எஸ். 2003-ல் ராட்டர்டாமில் வகுத்த இந்த அளவுகோல்தான் சில திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆண் ஹார்மோன் மிகுதியை ரத்தத்தில்தான் காட்ட வேண்டும் என்றில்லை. உங்கள் தாடை முடியே அதற்கு அடையாளமாக இருக்கலாம். மேலுதடு, மார்பு, அடிவயிறு என்று மற்ற இடங்களையும் டாக்டர் பார்த்துச் சொல்வார்.

எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்.சைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால்தான் பி.சி.ஓ.எஸ். என்பது பழைய கணக்கு. இப்போதைய அளவுகோலில் அது இல்லை. லேப் பேக்கேஜ்கள்தான் இன்னும் விடவில்லை!

டெஸ்டோஸ்டிரோன் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ரத்தத்தில் அதன் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டியே இருக்கும். வேலை செய்வது ஒட்டாமல் திரியும் சிறு பகுதி. இன்சுலின் கூடினால், அப்படி ஒட்டிவைக்கும் எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதம் குறையும். அப்போது மொத்த அளவு நார்மலாக இருந்தாலும், திரியும் பகுதி கூடியிருக்கலாம். அதனால் எஸ்.ஹெச்.பி.ஜி.யையும் பார்த்துக் கணக்கிட வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் இந்த முடிவுகளை நம்ப முடியாது. நிறுத்தி மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். நிறுத்துவதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? சில லேப் கருவிகளின் முடிவை அது புரட்டிவிடும். ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்கானது), புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்), 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் (அட்ரீனல் சுரப்பிக் கோளாறுக்கானது) ஆகிய பரிசோதனைகள் பி.சி.ஓ.எஸ்.ஸைக் காட்ட அல்ல, அதைப்போலவே தோன்றும் வேறு கோளாறுகளை விலக்க. கடைசியதை மாதவிலக்கின் தொடக்க நாட்களில் காலையில் எடுப்பது நல்லது. உங்கள் பேக்கேஜில் இவை இருந்தனவா என்று பாருங்கள்.

பி.சி.ஓ.எஸ். என்று உறுதியானால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். கடந்த ஒரு வருடத்து பீரியட்ஸ் தேதிகளை எழுதி எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடமோ, எண்டோகிரைனாலஜிஸ்ட் என்ற ஹார்மோன் மருத்துவரிடமோ போங்கள். போவதற்கு முன் தாடை முடியைப் பிடுங்காதீர்கள். அவர் பார்க்க வேண்டும்.