காசினோவில் முதன்முறையாகப் போக்கர் ஆடப் போகிறேன். எதைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும்?

வீட்டில் நண்பர்களோடு டெக்சாஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக மேசையில் ஐந்து சீட்டு வைத்து ஆடும் போக்கர்) ஆடிப் பழக்கம் உண்டு, அடுத்த மாதம் லாஸ் வேகஸ் போகிறேன், ஆனால் காசினோ மேசையில் உட்காரப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் கை தேர்ந்தவர்கள், என் முகத்தைப் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடுவார்கள் என்றுதான் பயந்தேன். பணம் போனது அதனால் இல்லை. வாயைத் திறக்காமல், பணத்துக்குப் பதில் வைக்கும் சிப் ஒன்றைத் தூக்கிப் போட்டதால் போனது.

அலுவலக வேலையாக மூன்று நாள் வேகஸ் போயிருந்தேன். கூட வந்தவர் எங்கள் குழுவிலேயே மூத்தவர், திருநெல்வேலிப் பக்கம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அமெரிக்காவில் பல வருடமாக இருப்பவர், போக்கர் நன்றாகவே தெரிந்தவர். எனக்கு ரம்மிதான் பூர்வீகம். தீபாவளி ராத்திரி பாயை விரித்து மாமா, சித்தப்பாக்களோடு விடிய விடிய ஆடி வளர்ந்தவன். ஹோல்டெம் கல்லூரி விடுதியில் கற்றுக்கொண்டது, அதுவும் தீக்குச்சி வைத்து.

முதலில் ஒரு எச்சரிக்கை. காசினோவுக்குள் நுழைந்ததும் 'த்ரீ கார்டு போக்கர்', 'அல்டிமேட் டெக்சாஸ் ஹோல்டெம்' என்று பலகை வைத்த மேசைகள் கண்ணில் படும். பெயரில் போக்கர் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அங்கே உங்கள் எதிராளி காசினோ. ரூலெட்டைப் போலவே, கணக்கு அவர்கள் பக்கம் சாயும்படி அமைத்த ஆட்டங்கள் அவை. நீங்கள் தேடும் ஆட்டம் தனியாக 'போக்கர் ரூம்' என்ற இடத்தில் நடக்கும். அங்கே ஆடுபவர்கள் ஒருவர் பணத்துக்கு ஒருவர் ஆடுகிறார்கள். காசினோ மேசையையும் சீட்டுப் போடும் டீலரையும் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கையிலும் (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) நடுவில் சேரும் பந்தயப் பணமான 'பாட்'-இலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கு ரேக் என்று பெயர். சின்ன மேசைகளில் வழக்கமாகப் பத்து சதவீதம், அதற்கு ஐந்தாறு டாலர் அளவில் ஓர் உச்சவரம்பு. ஃப்ளாப், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டு, விழுவதற்கு முன்பே கை முடிந்துவிட்டால் பெரும்பாலும் எதுவும் எடுப்பதில்லை.

போக்கர் ரூம் வாசலில் ஒரு மேசை இருக்கும். அங்கே போய் "ஒன்-த்ரீ நோ லிமிட்" என்று சொல்லிப் பெயர் கொடுத்தால் போதும். சிறிய பிளைண்ட் 1 டாலர், பெரிய பிளைண்ட் 3 டாலர், பந்தயத்துக்கு மேல் வரம்பு இல்லை என்று அர்த்தம். பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துப் போடும் கட்டாயப் பந்தயம். சில இடங்களில் ஒன்-டூ இருக்கும். இடம் காலியானதும் கூப்பிடுவார்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். நான் 200 டாலருக்குச் சிப் வாங்கினேன். நெவாடாவில் பெரும்பாலும் சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100. இதை மனதில் ஏற்றிக்கொண்டு உட்காருங்கள். மேசையில் நேரமிருக்காது.

உட்காரும் முன் அண்ணன் ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, எதுனாலும் மொதல்ல வாயால சொல்லு. பெறவு கைய அசை."

தலையை ஆட்டினேன். மனதில் வாங்கவில்லை.

முதல் முக்கால் மணி நேரம் நல்ல சீட்டு எதுவும் வரவில்லை. சீட்டை எறிந்து விலகிக்கொண்டே (ஃபோல்டு) இருந்தேன். பிறகு சீட்டின் ஓரத்தை மடித்துப் பார்த்தால் இரண்டு ராணி. எந்த ஒரு குறிப்பிட்ட ஜோடியும் கையில் வருவது 221 கைக்கு ஒருமுறை. காசினோ மேசையில் மணிக்கு முப்பது கை போல ஓடும், ஆக ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை வரக்கூடிய சீட்டு. காது சூடாகிவிட்டது. எனக்கு முன்னால் ஒருவர் 12 டாலர் என்று ரெய்ஸ் செய்தார் (பந்தயத்தை உயர்த்தினார்), இன்னொருவர் கால் செய்தார் (அதே தொகையைப் போட்டார்). என் முறை. நான் 25 ஆக்க நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் ஒரு பச்சை சிப்பை எடுத்து முன்னால் போட்டேன்.

டீலர் "கால்" என்று அறிவித்துவிட்டு 13 டாலரைத் திருப்பித் தள்ளினார்.

இதுதான் விதி: பந்தயத்துக்குப் பதில் சொல்லும் நேரத்தில், வாயால் எதுவும் சொல்லாமல் ஒற்றைப் பெரிய சிப்பைப் போட்டால் அது கால்தான். ரெய்ஸ் என்று நீங்கள் மனதில் நினைத்தது யாருக்கும் தெரியாது. "இல்லை, நான் ரெய்ஸ் செய்யத்தான்..." என்று ஆரம்பித்தேன். டீலர் மரியாதையாகவே மறுத்தார். அவர் செய்தது சரி.

விளைவைப் பாருங்கள். எனக்குப் பின்னால் சிறிய பிளைண்ட் போட்டவர் கால் செய்தார். பெரிய பிளைண்டில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், தொப்பி போட்டவர். அவர் முன்னால் ஏற்கெனவே 3 டாலர் கிடக்கிறது. இன்னும் 9 போட்டால் 51 டாலர் பாட்டுக்கு ஆடலாம். எந்தச் சீட்டாக இருந்தாலும் ஆடத்தான் தோன்றும், ஆடினார். ஃப்ளாப் 9, 4, 2. எனக்கு அருமையான ஃப்ளாப் என்று நினைத்து 35 போட்டேன். மற்றவர்கள் ஃபோல்டு, பெரியவர் மட்டும் கால். டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டில், ஒரு 7. பெரியவர் மிச்சமிருந்த 70 டாலரையும் தள்ளி ஆல்-இன் என்றார். கால் செய்தேன். கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் உருப்படியாக எதுவும் வரவில்லை. அவர் திருப்பிக் காட்டியது கிளாவரில் 9, 4. இரண்டு ஜோடி.

12, 35, 70. மொத்தம் 117 டாலர்.

நான் வாயைத் திறந்து ரெய்ஸ் சொல்லியிருந்தால் அந்த 9-4 ஃப்ளாப்பைப் பார்க்காமலே அநேகமாகக் குப்பைக்குப் போயிருக்கும். அளவும் போதாது என்று அண்ணன் பிறகு சொன்னார்: 12-க்கு ஒருவர் கால் செய்த பிறகு 45 ஆவது சொல்லியிருக்க வேண்டுமாம். அவர் சொன்னது சரியென்று இப்போது தெரிகிறது.

அந்தக் கை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு நாற்காலி தள்ளி இருந்த அண்ணன் "என்னாச்சு தம்பி?" என்று கேட்க, நான் தமிழிலேயே பதில் சொல்லத் தொடங்கினேன். டீலர் உடனே கையைக் காட்டி, கை ஓடும்போது ஆங்கிலம் மட்டும் என்றார். ஒரு கையை ஒருவர்தான் ஆட வேண்டும், சீட்டைப் பற்றி அடுத்தவரோடு கலந்துகொள்ளக் கூடாது என்ற விதியிலிருந்து வந்த கட்டுப்பாடு இது. நம் ஊர்க்காரரோடு போனால் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இருவரும் வேறு வேறு மேசையில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

பேச்சுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் முறையில் "ரெய்ஸ்" என்றோ "கால்" என்றோ சொல்லிவிட்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தும், சிப்பைத் தொடாவிட்டாலும் சரி. தொகையையும் சேர்த்தே சொல்லுங்கள்: "ரெய்ஸ், நாற்பத்தைந்து." சொல்லாமல் முதலில் கொஞ்சம் சிப், பிறகு மறுபடி கை நீட்டி இன்னும் கொஞ்சம் என்று வைத்தால், முதலில் வைத்தது மட்டுமே கணக்காகும். சினிமாவில் "உன் இருபது, அதுக்கு மேல இன்னும் ஐம்பது" என்று இழுத்துச் சொல்வார்களே, அது மேசையில் செல்லாது. அதேபோல் உங்கள் முறை வருவதற்கு முன் சீட்டை எறியாதீர்கள். உங்களுக்கு முன்னால் இருப்பவர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார், நீங்கள் எறிந்தது அவருக்கு ஒரு தகவல்.

சீட்டைக் கையில் தூக்கிப் பார்க்காதீர்கள். மேசையோடு வைத்து இரண்டு கையாலும் மறைத்து ஓரத்தை மட்டும் மடித்துப் பாருங்கள். பார்த்ததும் மேலே ஒரு சிப்பை வையுங்கள், இல்லாவிட்டால் டீலர் தவறுதலாக வாரிக்கொண்டு போகலாம். கடைசியில் காட்ட வேண்டி வந்தால் இரண்டு சீட்டையும் நிமிர்த்தி மேசையில் போட்டுவிடுங்கள். நீங்கள் வாயால் தவறாகச் சொன்னாலும் சீட்டு என்ன பேசுகிறதோ அதுதான் செல்லும், டீலர் படித்துச் சொல்வார். பாட்டை உங்கள் பக்கம் தள்ளும் வரை சீட்டை விடாதீர்கள். பாட் ஜெயித்தால் டீலருக்கு ஒரு டாலர் கொடுப்பது அங்கே வழக்கம்.

நான் அந்த 117-க்குப் பிறகு எழுந்து வெளியே போனேன். அண்ணனும் வந்தார். அப்போது அவர் போட்ட ஒரு கணக்குதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம்.

ஒன்பது பேர் மேசையில் ஒரு முழுச் சுற்றுக்கு உங்களிடமிருந்து போவது 1-ம் 3-ம், ஆக 4 டாலர். மணிக்கு முப்பது கை என்றால் மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். "சும்மா உக்காந்து சீட்ட எறிஞ்சிக்கிட்டே இருந்தா மணிக்குப் பதினாலு டாலர்கூட ஆகாது தம்பி. நீ ஒத்தக் கைக்கு எட்டு மணி நேரத்து வாடகையக் குடுத்திருக்க" என்றார்.

ரம்மியில் பழகியவர்களுக்கு இது மண்டையில் ஏறுவது கஷ்டம். அங்கே மோசமான கை வந்து ஸ்கூட் விட்டாலும் (ஆடாமல் விலகினாலும்) புள்ளி ஏறும். எறிவது ஒரு நஷ்டம். அதனால் ஜோக்கர் இல்லாத கையைக்கூட இழுத்துப் பிடித்து ஆடுவோம். ஹோல்டெமில் பிளைண்ட் இல்லாத ஏழு இடங்களில் எறிவதற்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் உட்கார்ந்து பாருங்கள், இருபது நிமிடம் எறிந்த பிறகு கிளாவர் ஒன்பதும் நாலும் அழகாகத் தெரியும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஆடாமல் இருப்பதா" என்று தோன்றும். அந்தப் பெரியவர் 9 டாலருக்கு மலிவாகப் பார்த்தார், அவர் கணக்கு வேறு. நீங்கள் 12, 15 என்று கொடுத்து அதே சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் பாதிச் சிப் காலி.

ஃப்ளாப்புக்குப் பிறகும் அப்படித்தான். ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு பாக்கி, ரிவர் மட்டும் வர வேண்டும் என்று வையுங்கள். தெரியாத 46 சீட்டில் உங்களுக்கு உதவுவது 9. ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. நடுவில் 60 டாலர் பாட் இருக்க எதிராளி 20 போட்டால், 80-க்காக 20 கொடுக்கிறீர்கள், கிட்டத்தட்ட நியாயமான விலை. அவரே 60 போட்டால் 120-க்காக 60. எறியுங்கள். இந்த ஒரு கணக்கை வீட்டில் உட்கார்ந்து பழகிவிட்டுப் போங்கள்.

பழகுவது என்றதும், நீங்கள் இந்தியாவில் இருந்தால் ஆன்லைனில் பணம் கட்டிப் பழகலாம் என்று நினைக்க வேண்டாம். 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொன்னது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆன்லைன் ரம்மியில் வீட்டைத் தொலைத்தவர்களை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். தீக்குச்சி போதும்.

பணத்தை ஒரு உறையில் ரொக்கமாக எடுத்துப் போங்கள். போனால் கலங்காத தொகை. கார்டுகளை ஓட்டல் அறையின் லாக்கரிலேயே விட்டுவிடுங்கள். காசினோவுக்குள் இருக்கும் ஏடிஎம்கள் கட்டணத்தையும் தீட்டிவிடும், அந்த நேரத்து மனநிலையும் சரியில்லை. பானம் இலவசமாக வரும். தண்ணீர் கேளுங்கள்.

நான் திரும்பிப் போய் உட்கார்ந்தபோது முன்னால் 73 டாலர் இருந்தது. இன்னும் மூன்று மணி நேரம் ஆடினேன். ஆடினேன் என்பதைவிட எறிந்தேன் என்றே சொல்ல வேண்டும். ஒருமுறை ஏஸ், ராஜா வந்தது. சிப்பைத் தொடாமல் முதலில் "ரெய்ஸ், பதினைந்து" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது, டீலர் சிரித்தார். இருவர் கால் செய்தார்கள், ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்தது, "இருபத்தைந்து" என்றேன், இருவரும் எறிந்துவிட்டார்கள். சின்னப் பாட்தான். அன்றைக்கு எனக்கு அது பெரிதாக இருந்தது.

அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்தேன். கேஷியர் ஜன்னலில் சிப்பை வைத்தேன், 115 டாலர் எண்ணிக் கொடுத்தார்கள். 85 நஷ்டம். லிஃப்டில் அண்ணன், "எவ்வளவு போச்சு?" என்று கேட்கவில்லை. "ராணி ஜோடிக்குப் பெறவு எத்தன கை எறிஞ்ச?" என்றுதான் கேட்டார். எண்ணவில்லை, எண்பதாவது இருக்கும் என்றேன்.

"அப்ப சரி. நாளைக்கும் வரலாம்" என்றார்.