ஆஃப் சீசனில், படிக்கும்போதே, குறைந்த செலவில் வெளிநாட்டுப் பாலைவனக் கடற்கரை ஒன்றுக்குப் போய்வரலாமா?

தாராளமாகப் போகலாம், ஆனால் கடற்கரை என்றதும் கடலில் குளிக்கும் எண்ணம் வந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். நான் சொல்வது நமீபியாவில் உள்ள ஸ்வாகோப்முண்ட். கேப் டவுனில் படித்துக்கொண்டிருந்தபோது ஜூன் விடுமுறையில் போனேன். வால்விஸ் பே வரை விமானத்தில் சுமார் 2 மணி நேரம், அப்புறம் ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் மணல்மேடு என்று அரை மணி நேரச் சாலை, அவ்வளவுதான்.

அந்த ஊர் நிரம்பி வழிவது டிசம்பரில் (அங்கே அதுதான் கோடை), தலைநகர் விண்ட்ஹூக்கின் வெயில் தாங்காமல் உள்ளூர்க்காரர்களே அங்கே இறங்கும்போது. வெளிநாட்டுப் பயணிகள் ஜூலைக்கு அப்புறம்தான் எத்தோஷா வனவிலங்குப் பூங்காவுக்குப் போகிற வழியில் எட்டிப்பார்ப்பார்கள். ஜூனில் பேக்பேக்கர்ஸ் (அங்கே மலிவு விடுதிக்கு அதுதான் பேர்) பாதிக்கு மேல் காலி, சமையலறையில் அடுப்புக்குச் சண்டை இல்லை, இன்னும் ஓர் இரவு தங்குவதென்றால் வாடகையைக் குறைத்துத் தருவதாக நடத்துபவரே வந்து சொன்னார்.

காலையில் வெளியே வந்தால் பாலைவனம் தெரியாது, பனிமூட்டம்தான் தெரியும். தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் கரையை ஒட்டியே ஓடுகிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூட்டமாகிறதே தவிர, மேலே எழும்பி மழை மேகமாவதில்லை. அதனால் ஆண்டில் 100 நாளுக்கு மேல் மூட்டம், மழையோ 20 மில்லிமீட்டரைத் தொட்டாலே அதிகம். பாலைவனம் அங்கே இருப்பதற்கே அந்தக் கடல் ஒரு முக்கியக் காரணம். அந்த மூட்டத்தை நம்பி ஒரு கருவண்டு உயிர் வாழ்கிறது: மணல்மேட்டு உச்சிக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும், உடம்பில் படியும் ஈரம் துளியாகி வாய்க்கு வழிந்துவிடும்.

மூட்டம் விலக மதியம்கூட ஆகலாம். 'ஒரே நாளில் எல்லாம்' என்று பணம் கட்டி வந்தவர்கள் வண்டியில் உட்கார்ந்து கடுகடுப்பதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு என்ன அவசரம்? பேக்கரியில் ஒரு புரோட்சன் (ஜெர்மன்காரர்கள் விட்டுப்போன சின்ன ரொட்டி) வாங்கிக்கொண்டு கடலுக்குள் நீளும் பழைய பாலத்தின் முனை வரை நடந்து, ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு திரும்பி வந்தால் காலை முடிந்துவிடும்.

ஊருக்கு வடக்கே கற்பரப்பில் கால் வைக்குமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் செத்த பொருக்கு மாதிரி இருப்பது லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்). கூட வந்த வழிகாட்டி பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஊற்றினார், கொஞ்ச நேரத்தில் சுருண்டிருந்தது விரிந்து பச்சை காட்டியது. அதன்மேல் வண்டி ஓட்டினால் சக்கரத் தடம் பல பத்தாண்டு அழியாது என்பதால் பாதையை விட்டு இறங்கவே கூடாது.

இன்னொரு விசித்திரம், குளிர்காலத்தில்தான் அங்கே திடீர் வெயிலும் அடிக்கும். உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் காற்று இறங்க இறங்க அழுந்திச் சூடாகி, கிழக்கிலிருந்து மணலோடு வீசும். முந்தின நாள் நடுங்கிய அதே தெருவில் டீ-ஷர்ட்டோடு நடந்தேன், பல்லிடுக்கெல்லாம் மணல். அன்றைக்கு மணல்மேட்டுப் பக்கம் போகவேண்டாம், கேமராவையும் பையிலேயே வையுங்கள்.

ஜெர்மன் கட்டடம், ஆப்பிள் ஸ்ட்ரூடல் என்று இந்த ஊரை எல்லோரும் புகழ்வார்கள். சரி, சாப்பிடுங்கள், நானும் சாப்பிட்டேன். ஆனால் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஜெர்மானியர்களின் கல்லறைகள் பெயரோடும் பளிங்கோடும் இருக்கும். சற்றுத் தள்ளி, அப்போது நாட்டை ஆண்ட ஜெர்மானியர்கள் 1904 முதல் 1908 வரை நடத்திய படுகொலைக் காலத்தில் இங்கிருந்த முகாமில் செத்துப்போன ஹெரேரோ, நாமா மக்கள் வெறும் மணல் குவியல்களாகக் கிடக்கிறார்கள். அதை இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 2021இல்தான்.

ஆஃப் சீசனில் ஒரு தொல்லையும் உண்டு. மணல்மேடு கடலைத் தொடும் சாண்ட்விச் ஹார்பர் மாதிரி இடங்களுக்குச் சொந்தமாகப் போவது கஷ்டம், ஃபோர்வீல் வண்டியில் கூட்டிப்போவார்கள், போதிய ஆள் சேராவிட்டால் பயணமே ரத்து. வந்த அன்றே பேர் கொடுத்துவிட்டு, கூட வர ஆள் தேடுங்கள். அதுவரை வால்விஸ் பே காயலில் ஃபிளமிங்கோ பார்ப்பதற்குச் செலவே இல்லை, கரையோர நடைபாதையிலிருந்தே தெரியும்.

பணம்: தென்னாப்பிரிக்க ராண்டும் நமீபிய டாலரும் ஒன்றுக்கு ஒன்று, ராண்டை அங்கே எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் நமீபிய நோட்டை கேப் டவுன் கடையில் நீட்டினால் செல்லாது, மீதிச் சில்லறையைக் கிளம்புவதற்கு முன்பே செலவழித்துவிடுங்கள்.