பார்த்தும் பைக் தெரியாமல் போனது ஏன்?

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காரைத் திருப்பினேன், ஆனாலும் அந்த பைக் கண்ணில் படவே இல்லை, கண் டாக்டரும் ஒன்றுமில்லை என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் சொன்னது சரிதான். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், ஏறக்குறைய அந்த அகலத்துக்குத்தான் கண் கூர்மையாகப் பார்க்கும், மற்றதெல்லாம் மங்கல்தான், மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. சட்டென்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கும்போது கண் தாவித் தாவிப் போகும், அந்தத் தாவலின்போது மூளை பார்வையைக் கிட்டத்தட்ட அணைத்தே விடும். (கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள், கண் அசைவது உங்களுக்கே தெரியாது. நான் ரொம்ப நேரம் முயன்று தோற்றேன்.)

அப்புறம் எதிர்பார்ப்பு. 1999இல் வெளியான, சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்களின் ஆய்வில், ஒரு வீடியோவில் பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணியவர்களில் சுமார் பாதிப் பேருக்கு நடுவில் நடந்துபோன கொரில்லா வேடம் தெரியவே இல்லை. நீங்களும் காரையும் லாரியையும்தான் தேடியிருப்பீர்கள்.

இனி ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று இடத்தில் பார்வையை நிறுத்துங்கள், பைக் வருகிறதா என்று பைக்கையே தேடுங்கள். முன்கண்ணாடி ஓரத்துத் தூணும் ஒரு பைக்கை முழுசாக மறைக்கும், தலையைக் கொஞ்சம் முன்னே நீட்டிப் பாருங்கள்.