பணி ஆபத்துப் பகுப்பாய்வை எக்செல்லிலிருந்து மென்பொருளுக்கு மாற்றினால் உண்மையில் பயன் உண்டா?

உங்கள் பவுண்டரியில் (உலோக வார்ப்பாலையில்) பணி ஆபத்துப் பகுப்பாய்வுகள், அதாவது ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து ஒவ்வொரு படியிலும் உள்ள ஆபத்தையும் அதைக் கட்டுப்படுத்தும் வழியையும் எழுதும் ஆவணங்கள், அனைத்தும் எக்செல் தாள்களாகக் கிடக்கின்றன என்றும், தணிக்கையாளர் வரும் வாரத்தில் மட்டுமே அவற்றைத் திறக்கிறீர்கள் என்றும், மென்பொருள் வாங்கினால் இந்நிலை மாறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூர் வட்டாரப் பவுண்டரிகளில் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயன் உண்டு, ஆனால் விற்பனையாளர் காட்டும் இடத்தில் அந்தப் பயன் இல்லை. எந்த மென்பொருளும் ஆபத்தைக் கண்டுபிடித்துத் தராது. கண்டறிந்த ஆபத்தை, வேலை தொடங்கும் நேரத்தில், அந்த வேலையைச் செய்பவரின் கண்முன் நிறுத்துவதும், ஆலையில் ஏதேனும் மாறும்போது பழைய பகுப்பாய்வு இனிச் செல்லாது என்று நினைவூட்டுவதுமே அதனால் உருப்படியாகச் செய்ய முடிந்த காரியங்கள்.

மின்காந்தத் தூண்டலால் உலோகத்தை உருக்கும் இண்டக்ஷன் உலையில் ஸ்கிராப் (பழைய இரும்பு) போடும் வேலையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான மென்பொருள்களில் ஆயத்தப் பகுப்பாய்வு நூலகம் ஒன்று இருக்கும். அதில் "உலோகம் உருக்குதல்" என்று தேடினால், "வெப்பம், தீக்காயம், கையுறை, முகக்கவசம்" என்று ஒரு வரி வந்து நிற்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை. உயிரைக் காக்கும் செய்தியும் ஒன்றும் இல்லை. இந்த வேலையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஸ்கிராப்போடு உள்ளே போகும் ஈரம். 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறி உருகிய நிலையில் இருக்கும் இரும்பின் மட்டத்துக்குக் கீழே சிறிதளவு தண்ணீர் சிக்கினாலும், அது நீராவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரிவதால், உலையில் உள்ள உலோகம் மேடை முழுவதும் தெறிக்கிறது. இரு முனையும் அடைபட்ட பைப் துண்டு, பழைய ஷாக் அப்சார்பர், எண்ணெய் தேங்கிய உதிரிபாகம் ஆகியவையும் இதையே செய்யும். ஆகவே இந்தப் பகுப்பாய்வில் இருக்க வேண்டிய கேள்விகள் வேறு. ஸ்கிராப் யார்டுக்குக் கூரை இருக்கிறதா? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் லாரியிலிருந்து இறக்கிய சரக்கு எவ்வளவு நேரம் உலர வைக்கப்படுகிறது? அடைபட்ட துண்டுகளைப் பிரித்தெடுப்பவர் யார், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் அந்த வேலையை யார் செய்கிறார்?

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மேலே போட்ட ஸ்கிராப் ஒன்றோடொன்று சிக்கி அந்தரத்தில் நின்றுவிடும்போது, அடியில் உருகிய உலோகம் அளவுக்கு மீறிச் சூடேறி லைனிங்கை (உலையின் உட்பூச்சை) அரிக்கத் தொடங்கும். லைனிங் ஓட்டையானால் அதற்கு அப்பால் இருப்பது தண்ணீர் ஓடும் செப்புச் சுருள். மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்கிறது, மேலே போட்ட ஸ்கிராப் மட்டும் இறங்கவில்லை என்பதை முதலில் கவனிப்பவர் உலையின் ஆபரேட்டர்தான். அவரிடம் கேட்காமல் அலுவலக மேசையில் எழுதப்பட்ட பகுப்பாய்வில் இந்தப் படி இருக்கவே இருக்காது.

அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா, பணி ஆபத்துப் பகுப்பாய்வு குறித்து வெளியிட்டுள்ள 3071 எண் கொண்ட சிறு கையேடு, வேலையைச் செய்யும் தொழிலாளியை முதலிலிருந்தே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. இதுவரை விபத்து எதுவும் நடந்திராவிட்டாலும், நடந்தால் கடுமையாக முடியக்கூடிய வேலைகளையும், ஒரே ஒரு சிறு பிழை பெருங்காயத்தில் முடியக்கூடிய வேலைகளையும் முன்னுரிமைப் பட்டியலில் அது சேர்க்கிறது. இந்த வரிசையில் உங்கள் வேலைகளைப் பிரித்துக்கொண்டு, முதற்கட்டமாக உலை, லேடில் (உருகிய உலோகத்தை ஏந்திச் செல்லும் கலம்) கையாளுதல், மேல்நிலை கிரேன், உலைக்குழியில் இறங்கிச் செய்யும் பராமரிப்பு ஆகியவற்றை மட்டும் மென்பொருளில் ஏற்றினால் போதும். எக்செல்லில் உள்ள அனைத்தையும் ஒரே மூச்சில் ஏற்றும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்கென ஆள் வைத்துத் தட்டச்சு செய்வார்கள். பழைய குப்பைக்குப் புதுத் தொட்டி வாங்கியதுபோல் ஆகிவிடும்.

ஆபத்து மதிப்பெண் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நிகழும் வாய்ப்பு ஒன்று முதல் ஐந்து, விளைவின் கடுமை ஒன்று முதல் ஐந்து, இரண்டையும் பெருக்கினால் வரும் எண்ணுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுப்பது பெரும்பாலான மென்பொருள்களில் உள்ள வசதி. சிவப்பு வந்தால் மேலாளரின் ஒப்புதல் தேவைப்படும், வேலை தாமதமாகும். ஆகவே "கையுறை அணிதல்", "கவனமாக இருக்க அறிவுறுத்தல்" என்று இரண்டு வரிகளைச் சேர்த்து, இருபதாக இருந்த எண்ணை எட்டாக்கிப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். கையுறை போட்டதால் உருகிய உலோகத்தின் கடுமை எப்படிக் குறையும் என்று மென்பொருள் கேட்பதில்லை. வாங்கும்போது ஒன்றை வற்புறுத்துங்கள்: கட்டுப்பாட்டு நடவடிக்கைகளை தொழிற்பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 45001 தரநிலை சொல்லும் வரிசையிலேயே, அதாவது ஆபத்தை அடியோடு நீக்குதல், ஆபத்துக் குறைந்ததை மாற்றாகப் பயன்படுத்துதல், பொறியியல் ஏற்பாடு, நிர்வாக ஏற்பாடு, கடைசியாகத் தற்காப்புக் கவசம் என்ற வரிசையில் கேட்டு, மேலே உள்ள கட்டம் காலியாக இருந்தால் அதற்குக் காரணம் எழுதாமல் அடுத்த கட்டத்துக்கு விடாதபடி அமைத்துத் தர வேண்டும். அப்போதுதான் "ஸ்கிராப் யார்டுக்குக் கூரை போடவில்லை, காரணம், நிதி ஒதுக்கவில்லை" என்ற வரி ஒருவருடைய பெயரோடு பதிவாகும். அந்த ஒரு வரி கிளப்பும் அசைவைப் பத்துப் பயிற்சி வகுப்புகள் கிளப்புவதில்லை.

மென்பொருள் எக்செல்லை உறுதியாக வெல்லும் இடம், ஒரே கருவியின் மேல் நடக்கும் வெவ்வேறு வேலைகளை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டுவது. இதன் அருமையை உணர, வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு பம்பைப் பராமரிப்பதற்கு ஒரு பெர்மிட்டும் (வேலை தொடங்கும் முன் பெற வேண்டிய எழுத்துபூர்வ அனுமதி), அதே பம்போடு இணைந்த அழுத்தப் பாதுகாப்பு வால்வைக் கழற்றுவதற்கு வேறொரு பெர்மிட்டும் வழங்கப்பட்டிருந்தன. இரண்டும் ஒன்றையொன்று சுட்டவில்லை. இரவு ஷிஃப்டில் இன்னொரு பம்பு நின்றுபோனபோது, பணியில் இருந்தவர்கள் முதல் பெர்மிட்டை மட்டும் அறிந்து, பராமரிப்பு இன்னும் தொடங்கவில்லை என்பதால் அந்தப் பம்பை ஓட்டலாம் என்று முடிவெடுத்தனர். வால்வு இருந்த இடத்தை மூடியிருந்த தகட்டின் வழியே வாயு கசிந்து தீப்பற்றியது. 167 பேர் இறந்தனர். காகிதமும் கையெழுத்தும் அங்கே இருந்தன, இரண்டு காகிதங்களையும் சேர்த்துக் காட்டும் ஏற்பாடுதான் இல்லை. பின்னர் கல்லன் பிரபு விசாரணை நடத்தி 1990-இல் அளித்த அறிக்கையின் 106 பரிந்துரைகளில் பெர்மிட் முறையைச் சீர்செய்வதும் அடங்கும்.

உங்கள் ஆலையில் இதற்கு நிகரானது, உலைக்குழியில் எலக்ட்ரீஷியன் கேபிள் மாற்றிக்கொண்டிருக்கையில், மேலே கிரேன் ஆபரேட்டர் லேடிலை எடுத்துச் செல்வது. எக்செல்லில் இவை இரண்டு தனித்தனித் தாள்கள். இரண்டுமே தத்தம் அளவில் சரியாக இருக்கும். கருவிக்கும் இடத்துக்கும் அடையாள எண் கொடுத்து, ஒவ்வொரு பகுப்பாய்வையும் பெர்மிட்டையும் அந்த எண்ணோடு கட்டிவைக்கும் மென்பொருளாக இருந்தால், இரண்டாவது வேலைக்கு அனுமதி கேட்கும் கணத்திலேயே முதல் வேலை திரையில் எழும். இந்த வசதி இல்லாத மென்பொருளுக்குப் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்றத்தைக் கண்காணிப்பதும் இதன் தொடர்ச்சிதான். அச்சு மணலைப் பிணைக்கும் புதிய பைண்டர் ரசாயனம் வாங்கினால், வார்ப்பின் பிசிறை நீக்கும் ஃபெட்லிங் பகுதியில் கிரைண்டரை மாற்றினால், ஒரு காண்ட்ராக்டர் போய் இன்னொருவர் வந்தால், அதோடு தொடர்புடைய பகுப்பாய்வுகள் தாமாகவே "மறுஆய்வு தேவை" என்ற நிலைக்குச் செல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்திடும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

இனி மொழி. எங்கள் வட்டாரத்தில் மோல்டிங்கிலும் ஃபெட்லிங்கிலும் நிற்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் ஆங்கிலப் படிவத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது யாருடைய பாதுகாப்புக்காக என்பதைச் சொல்லத் தேவையில்லை. கைபேசியில் இந்தியிலும் ஒடியாவிலும் தமிழிலும் குரல்வழியாகப் படித்துக் காட்டும் வசதியும், உங்கள் ஆலையிலேயே எடுத்த புகைப்படத்தை ஒவ்வொரு படிக்கும் எதிரே வைக்கும் வசதியும், தொழிலாளி தன் மொழியில் பேசி "இந்தப் படியை நாங்கள் இப்படிச் செய்வதில்லை" என்று பதிவு செய்யும் வசதியும் இருந்தால் பகுப்பாய்வு திருந்திக்கொண்டே வரும். அந்தப் பதிவுகளுக்கு ஒரு வாரத்துக்குள் பதில் தராவிட்டால் அவை நின்றுவிடும் என்பதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

பதிவான தரவுகளில் நான் முதலில் பார்ப்பது, ஒரு சரிபார்ப்புப் பட்டியலை முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை. பதினைந்து கேள்விகளுக்கு நாற்பது வினாடியில் "ஆம்" விழுந்திருந்தால், யாரும் இடத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். அதற்காகச் சூப்பர்வைசரைக் கண்டிப்பதைவிட, பதினைந்து கேள்விகளை நான்காகக் குறைப்பது பலன் தரும்.

வாங்கும் முன், விற்பனையாளரின் மாதிரி விளக்கத்தோடு திருப்தி அடையாமல், உங்கள் உலை ஆபரேட்டரையும் ஒரு மெயின்டனன்ஸ் ஃபிட்டரையும் அருகில் உட்கார வைத்து, உங்கள் ஆலையின் ஒரு வேலையை அவர்கள் சொல்லச் சொல்ல ஏற்றிப் பாருங்கள். உலை மேடையில் இணைய இணைப்பு இல்லாதபோதும் இயங்குகிறதா, ஒப்பந்தம் முடிந்தால் உங்கள் தரவு முழுவதையும் திறக்கக்கூடிய வடிவில் திருப்பித் தருவார்களா என்ற இரண்டையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நிதி கிடைக்கும்வரை, உலை சார்ந்த பகுப்பாய்வுகளை மட்டும் நேரில் நின்று மறுபடி எழுதி, ஒவ்வொன்றுக்கும் கியூ.ஆர். குறியீடு அச்சிட்டு அந்தந்தக் கருவியின் அருகில் ஒட்டிவிடலாம். அதற்கு ஒரு பகிர்வுக் கோப்புறையும் ஒரு பிரிண்டரும் போதும்.