ஜெபத்திலும் கந்தோரிலும் ‘நீர்’

வணக்கம் ஐயா,

நான் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு வருடங்களாகக் கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் கொம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் முகாமையாளர் யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அவர் என்னை ‘நீர்’ என்றே அழைக்கிறார். ‘நீர் அந்தக் கோப்பைக் கொண்டுவாரும்’, ‘நீர் நேற்று ஏன் பிந்தி வந்தீர்?’ என்று எப்போதும் அப்படித்தான். சிங்களச் சக ஊழியர்களிடம் ஆங்கிலத்தில் பேசும்போது பிளீஸும் தேங்க் யூவும் தாராளமாக வருகின்றன. என்னிடம் தமிழில் பேசும்போது ஒரு ‘தயவுசெய்து’ கிடையாது, ஒரு ‘நன்றி’ கிடையாது. எங்கள் வீட்டில் அம்மா ஜெபிக்கும்போது ஆண்டவரைத்தான் ‘நீர்’ என்பார். மனிதர் எவரும் என்னை அப்படி அழைத்ததில்லை. தேநீர் கொண்டுவரும் பையன்கூட (அவனுக்கே ஐம்பது வயதிருக்கும்) ‘சேர் ஏன் மிஸ்ஸை மட்டும் அப்படிக் கூப்பிடுகிறார்?’ என்று கேட்டுவிட்டான். போன மாதம் லீவுக் கடிதத்தில் ‘தாழ்மையுடன்’ என்ற சொல் இல்லை என்று திருப்பி அனுப்பினார். இதெல்லாம் மரியாதையா, அவமரியாதையா?

பெயர் வேண்டாம்,
வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை உங்கள் முகாமையாளர் மீது கோபம் வந்தது. இரண்டாம் முறை கோபம் சற்று இடம் மாறியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு: நீ, நீர், நீங்கள். நடுப்படியான ‘நீர்’ மற்றத் தமிழ் ஊர்கள் பலவற்றில் பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது. அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. வளர்ந்துவிட்ட மாணவனை ஆசிரியர் அப்படி அழைப்பார். கணவன் மனைவியை அழைப்பார். கூடப் படித்த இருவர் நாற்பது வருடம் கழித்துக் காலி வீதியில் சந்தித்தால் ‘எங்கே ஐசே, நீர் இந்தப் பக்கம்?’ என்பார்கள். ‘நீ’ என்பது மிக நெருங்கியவருக்கு, அல்லது சண்டைக்கு. உங்கள் முகாமையாளர் தம் ஊர்க் கணக்கில் உங்களை ‘நீ’க்கு மேலே ஒரு படி ஏற்றித்தான் வைத்திருக்கிறார். சொல்லில் நஞ்சு இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

‘நீர்’ பழைய தமிழில் ‘நீ’யின் பன்மை. ஒருவரைப் பலராக்கிப் பேசுவது மரியாதை என்பதால் ஒரே ஆளுக்கும் அது வந்தது. இப்படி ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல்லே தவிர இலக்கணத்தின் நேர்வழி அல்ல என்று தொல்காப்பியம் அன்றே எழுதிவைத்துவிட்டது. புழங்கப் புழங்கச் சொல்லின் முலாம் தேயும். ‘நீர்’ தேய்ந்தபோது மரியாதைக்கு ‘நீங்கள்’ வந்து நின்றது. தேயாமல் தப்பிய இடம் ஜெபம். உங்கள் அம்மா ஆண்டவரிடம் சொல்லும் சொல்லும், முகாமையாளர் உங்களிடம் சொல்லும் சொல்லும் ஒன்றுதான். இடையில் சில நூற்றாண்டுகளின் தேய்மானம் மட்டும் இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு உறுத்துவது சொல்லின் பொருள் என்று நான் நினைக்கவில்லை. காலி வீதி நண்பர்களின் ‘நீர்’ போகும், திரும்பி வரும். உங்கள் கந்தோரின் ‘நீர்’ ஒரு பக்கமாக மட்டுமே போகிறது. நாளைக் காலை நீங்கள் அவரிடம், ‘சேர், நீர் இந்தக் காசோலையில் கையெழுத்திடும்’ என்று சொல்லிப் பாருங்கள். (வேண்டாம், சொல்லாதீர்கள்.) அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அறையில் விழும் அமைதிதான் உங்கள் கேள்விக்கான விடை. மலையகப் பேச்சில் அந்த நடுப்படி இல்லை. நீ, நீங்கள் என்ற இரண்டு மட்டும்தான். பெரிய துரை, சின்ன துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று மனிதரை அடுக்கடுக்காக வைத்த தோட்டத்திலிருந்து வந்தவர் நீங்கள். யார் யாரை எந்தத் தட்டில் நிறுத்துகிறார் என்பது உங்கள் காதுக்கு உடனே கேட்டுவிடும். அதற்கு யாழ்ப்பாண இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தமிழில் இதுதான் தொல்லை. எதிரில் இருப்பவரை ஒரு படியில் நிறுத்தாமல் வாயைத் திறக்க முடியாது. வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். பேச்சுச் சிங்களத்தில் ஏவலில்தான் ஏற்றத்தாழ்வு தெரியும். சாதாரண வினை ஆளுக்கு ஆள் மாறாது. ஆகவே ‘நீங்கள்’ என்ற சொல்லையே தொடாமல், ‘சேர்’, ‘மிஸ்’, ‘மஹத்தயா’ என்று அழைப்பை மட்டும் வைத்து ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஆங்கிலத்தின் ‘யூ’ அதைவிட வசதி. கொழும்பில் இரண்டு தமிழர்கள் ஒரே கந்தோரில் இருந்தும் ஆங்கிலத்தில் கதைப்பதைப் பார்த்துப் பலர் ‘பெருமை காட்டுகிறார்கள்’ என்று திட்டுவார்கள். பாதி நேரம் அது பெருமை அல்ல. எந்தப் படியில் நிறுத்துவது என்று தெரியாமல் ‘யூ’வுக்குள் ஒதுங்குகிறார்கள், மழைக்குக் கடை வாசலில் ஒதுங்குவதுபோல.

நான் முன்பு வேலை செய்த இடத்தில் தேநீர் போடும் பெரியவர் ஒருவர் இருந்தார், கொட்டாஞ்சேனைக்காரர். காலை பத்து மணிக்குத் தட்டோடு வருவார். பிளேன்டீக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் அவருக்கு முன்னால் வரும். கணக்காய்வுப் பிரிவின் சிங்கள இளைஞர்கள் அவரை ‘அய்யா’ என்று அழைப்பார்கள். சிங்களத்தில் அது அண்ணன். நம் காதுக்கு அது வேறு. ஒரு நாள் அவரிடம் கேட்டேன்: “அவர்கள் அண்ணன் என்றுதான் சொல்கிறார்கள், தெரியுமா?” தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “தெரியாமல் இருக்குமா தம்பி? ஆனால் என் காதில் ஐயா என்றுதானே விழுகிறது. இருபது வருடமாக நான் அதைத் திருத்தப் போகவில்லை.” சொல்லிவிட்டு என் கோப்பைக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டார்.

‘தயவுசெய்து’, ‘நன்றி’ பற்றிய குறையில் நான் உங்கள் பக்கம் நிற்கவில்லை. வீட்டில் உங்கள் அம்மாவிடம் என்றைக்காவது ‘தயவுசெய்து சோறு போடுங்கள்’ என்று கேட்டதுண்டா? தமிழ் பணிவை வினைச்சொல்லுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் மொழி. ஒன்றை வேண்டிக் கேட்க ஈ, தா, கொடு என மூன்று சொற்களை வைத்து, ‘ஈ’ என்பது தாழ்ந்தவன் கேட்பது, ‘தா’ என்பது ஒத்தவன் கேட்பது, ‘கொடு’ என்பது உயர்ந்தவன் கேட்பது என்று பிரித்ததும் அதே தொல்காப்பியம்தான். தனியாக ஒரு ‘பிளீஸ்’ அங்கே தேவைப்படவில்லை. இன்று நம் பேச்சில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ‘ஒருக்கா’. ‘ஒருக்கா இதைப் பார்க்கிறீர்களா?’ என்றால் போதும், கட்டளை கேள்வியாகிவிடும். சிங்களவர் ‘பொட்டக்’ என்பார்கள், ‘கொஞ்சம்’ என்று பொருள். அதே தந்திரம்தான். ‘தயவுசெய்து’ இப்போது அறிவித்தல் பலகைச் சொல். ‘தயவுசெய்து கதவை மூடவும்’ என்று எழுதியிருந்தால் யாரோ பலமுறை கத்திப் பார்த்து அலுத்துப்போய் எழுதியது என்று பொருள். அந்த ‘மூடவும்’ இருக்கிறதே, அதற்கு முகமே இல்லை. சொன்னவர் யார், கேட்க வேண்டியவர் யார், ஒன்றும் தெரியாது. வட்ஸ்அப் குழுவில் ‘உடன் பதில் தரவும்’ என்று வரும் செய்தியைவிட நேருக்கு நேர் சொல்லும் ‘பதிலைத் தாரும்’ எனக்கு எவ்வளவோ மேல்.

லீவுக் கடிதத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களைப் போன்ற தனியார் கந்தோர் ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. முதல் வருடம் கடந்த ஊழியருக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் அதில் உண்டு. அது உங்கள் கணக்கில் உள்ள பணம்போல. வங்கியில் உங்கள் பணத்தை எடுக்கும் சீட்டில் ‘தாழ்மையுடன் வேண்டி நிற்கின்றேன்’ என்று எழுதுவதில்லை. எந்தத் திகதிக்கு லீவு வேண்டும், அன்று உங்கள் வேலையை யார் பார்ப்பார், இரண்டையும் எழுதிக் கீழே கையெழுத்திடுங்கள். திகதியை மாற்றக் கேட்டால் கலந்து பேசலாம். ‘தாழ்மை’யைச் சேர்க்கக் கேட்டால், எந்த விதியில் இருக்கிறது என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். ‘நீர்’ என்பவரைக் கண்டு பயப்படாதீர்கள். ‘தங்கச்சி’ என்பவரிடம் கவனமாக இருங்கள். புறக்கோட்டையில் நான் முதலில் சேர்ந்த இடத்தின் முதலாளி என்னை ‘தம்பி’ என்றுதான் அழைப்பார். குரலில் தேன் ஒழுகும். நாள் செல்லத்தான் அதன் கால அட்டவணை பிடிபட்டது. மாதத் தொடக்கத்தில் எனக்குப் பெயர் உண்டு. இருபதாம் திகதிக்குப் பிறகு ‘தம்பி’. மேலதிக நேரப் பணத்தைக் கேட்ட அன்று, “தம்பி, நாங்கள் ஒரு குடும்பம் அல்லவா?” என்றார். குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்க முடியுமா? பார்க்கவில்லை. அந்தப் பணம் இன்று வரை வரவும் இல்லை.

சரி, உங்கள் முகாமையாளரிடம் என்ன சொல்வது? கோள் மூட்ட வேண்டாம், மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பவும் வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு ‘போய் வருகிறேன் சேர்’ என்று சொல்லப் போகும்போது, அவர் மேசையில் கோப்பு இல்லாத நேரமாகப் பார்த்து, “சேர், எங்கள் வீட்டில் ‘நீர்’ ஆண்டவருக்கு மட்டும்தான். எனக்கு ‘நீங்கள்’ போதும்” என்று சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து வயதான மனிதர் ஒருவர் நகைச்சுவைக்கு மடங்காமல் இருப்பது அரிது. சிரிப்பார். மறுநாள் பழக்கத்தில் பழையபடி ‘நீர்’ என்று தொடங்கிப் பாதியில் ‘நீங்கள்’ என்று முடிப்பார். அந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள்.

இனி, இரண்டாம் வாசிப்பில் கோபம் இடம் மாறிய கதை. உங்கள் கடிதத்தில் ‘தேநீர் கொண்டுவரும் பையன்’ என்று ஒருவர் வருகிறார். ஐம்பது வயது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘கேட்டுவிட்டான்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கந்தோரில் ‘நீர்’ என்ற சொல் உங்களை உறுத்துகிறது என்று கவனித்த ஒரே ஆள் அவர்தான். முகாமையாளர் அவரை ‘நீர்’ என்றுகூட அழைத்திருக்க மாட்டார் என்று ஊகிக்கிறேன். நானும் என் இளமையில் அப்படித்தான் எழுதியிருப்பேன். கொட்டாஞ்சேனைப் பெரியவரின் பெயர் எனக்கு அவர் வேலையை விட்டுப் போகும் வாரம்தான் தெரிந்தது.

சேர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். தேநீர் கொண்டுவருபவரின் பெயரையும் கேட்டு வையுங்கள். எனக்கு எழுத வேண்டியதில்லை.

அன்புடன்.