வேட்டங்குடியில் எடுத்த படத்தில் கொக்கு வெள்ளைத் திட்டாக விழுவது ஏன்?

காரைக்குடியிலிருந்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போய் 300 மிமீ லென்ஸில் எடுத்த கொக்குகளில் இறகே தெரியவில்லை, கிட்டே போனால் பறந்துவிடுகின்றன என்று கேட்டிருந்தீர்கள்.

லென்ஸில் குறை இல்லை. கருவேல மரத்தின் இருண்ட இலைகளைப் பார்த்து, காட்சி மொத்தமும் இருட்டு என்று கேமரா முடிவுசெய்து கூடுதல் வெளிச்சம் கொடுத்துவிடுகிறது. அதில் வெள்ளை இறகு வெந்துபோகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தானாக எடுக்கும் வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1-ல் வைத்து ஒரு படம் எடுங்கள். இன்னும் வெளுத்தால் மேலும் குறையுங்கள். அதே கொக்கு வானத்தில் பறக்கும்போது கதை நேர்மாறு: பின்னணி பிரகாசம், பறவை கருத்துவிடும். அப்போது பிளஸ் பக்கம் திருப்ப வேண்டும். பறப்பதை எடுக்க ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் குறைய வேண்டாம். காலை ஒன்பதுக்குள், வெயில் உங்கள் முதுகில் விழும்படி நில்லுங்கள்.

அப்புறம், தயவுசெய்து கிட்டே போகாதீர்கள். கூட்டில் குஞ்சு இருக்கும்போது தாய் எழுந்துபோனால் வெயிலும் காக்கையும் போதும், குஞ்சு பிழைக்காது. சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்து மக்கள் இந்தப் பறவைகளுக்காகவே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரில் நாம் ஒரு பறவையைக் கலைப்பது எனக்குப் பொறுக்காது. கண்மாய்க் கரையிலேயே அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். நத்தைக்குத்தி நாரை தானே பக்கத்து வயலில் இறங்கும். பக்கவாட்டில் எடுத்தால் மூடிய அலகின் நடுவே உள்ள இடைவெளி அழகாக விழும்.